வெங்காய நாற்றுகள் வீடு வீடாகக் குடிபோன வாரம்

வெங்காயத்துக்கு விதை உண்டு, அது கறுப்பாக இருக்கும் என்பதே எனக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் தெரியும். அதுவரை வெங்காயத்தை நறுக்கியிருக்கிறேன், வதக்கியிருக்கிறேன், விலை ஏறியபோது திட்டியிருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பிறகு பத்து குளிர்காலம் அதை மட்டுமே யோசித்தேன்.

போன வாரம் நாற்றுக்கூடத்துக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்த நீங்கள் நான்கு பேரும் ஒரு ட்ரேயைச் சுற்றிக் குனிந்து நின்றுகொண்டிருந்தீர்கள். கிட்டே வந்து பார்த்தேன். முதல் முளை. தலையும் காலும் மண்ணுக்குள் இருக்க முதுகை மட்டும் வளைத்துக்கொண்டு, கொண்டை ஊசி போல வெளியே வருமே, அது. உங்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போதே தெரிந்துவிட்டது, நீங்கள் தேறிவிடுவீர்கள் என்று. எனக்கும் முதன்முதலில் அப்படித்தான் சிரிப்பு வந்தது. இரண்டு நாள் கழித்து அது தலையை வெடுக்கென்று பிடுங்கி நிமிரும்போது நுனியில் கறுப்பு விதையோட்டைத் தொப்பி மாதிரி போட்டுக்கொண்டு நிற்கும். இதைப் பார்த்துச் சிரிப்பு வராதவர்கள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். தண்ணீர் எவ்வளவு, விளக்கு எத்தனை விரல் உயரம் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை. சுவரில் ஒட்ட முடியாத ஒரு வாரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் ரஞ்சினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கூடத்தை ஆரம்பித்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், என்னைவிட இரண்டு வயது இளையவர், நியூ ஜெர்சி மருத்துவமனைகளில் பல வருடம் நர்ஸாக இருந்தவர். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மூடிக்கிடந்த மேசை நாற்காலிக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து, உள்ளே வரிசையாக அலமாரி போட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் மேலே ட்யூப் லைட் கட்டினார். வெளியே மண் கல்லாக உறைந்து கிடக்கும் ஜனவரியில் உள்ளே வெங்காயமும் லீக்கும் விதைத்தார். லீக் என்றால் வெங்காயத்தின் ஒன்றுவிட்ட அண்ணன். கிழங்கு வைக்காமல் தண்டாகவே பருத்து நிற்கும், சூப்புக்குப் போடுவார்கள். சுற்றியுள்ள பண்ணைக்காரர்கள் ஏப்ரலில் வந்து நாற்றுகளை அள்ளிக்கொண்டு போவார்கள்.

என் கணவருக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். வீட்டில் நான், ஃப்ரிட்ஜ், டிவி. தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் "நடுங்காத கை உள்ளவர் வேலைக்குத் தேவை" என்று ஒரு வரி வந்தது. என்ன வேலை என்றே தெரியாமல் போனேன். ரஞ்சினி என் உள்ளங்கையில் கொஞ்சம் விதையைக் கொட்டினார்.

"இது என்னெண்டு தெரியுமோ?"

நன்றாக உற்றுப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு நம்பிக்கையாகச் சொன்னேன். "கருஞ்சீரகம்."

ரஞ்சினி சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து சிரித்தார். "ஐயோ, சுமதியக்கா, உங்களிட்ட விதையைத் தந்தா நாளைக்கு நாண் ரொட்டியில தூவிப் போடுவியள்!" நானும் கூடவே சிரித்தேன். வேலையும் கிடைத்தது. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் ஓர் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது என்பது அப்போது எனக்கே தெரியாது.

நான் சொல்ல வந்தது இரண்டாவது குளிர்காலம். பிப்ரவரி முதல் வாரம். ரஞ்சினி தன் அக்கா மகளின் கல்யாணத்துக்கு டொரோண்டோ போயிருந்தார். கூடத்தில் இருநூற்றுப் பத்து ட்ரே. கொஞ்சம் ஐந்து வாரத்து நாற்று, கொஞ்சம் இப்போதுதான் முதுகைக் காட்டிக்கொண்டிருப்பவை. பொறுப்பு முழுக்க என்னிடம். எனக்கு ஒரே பெருமை. சாவிக் கொத்தைத் தேவைக்கு மேலேயே குலுக்கிக்கொண்டு நடந்தேன்.

புதன்கிழமை ஹீட்டரில் ஒரு சத்தம் கேட்டது. டக், டக், பிறகு ஒரு பெருமூச்சு. வியாழக்கிழமையும் கேட்டது. ரஞ்சினியிடம் போனில் பேசினேன். கல்யாணச் சேலை என்ன நிறம் என்று கேட்டேன். ஹீட்டரைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த ஹீட்டர் எப்போதுமே அப்படித்தான் சத்தம் போடுமோ என்னவோ, இதைப் போய்ச் சொன்னால் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து சிரிப்பாரோ என்று இருந்தது. இவ்வளவுதான் காரணம். இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றைச் சொல்ல எனக்கும் ஆசைதான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தேன். என் மூச்சு புகையாக எனக்கு முன்னால் போனது. ஹீட்டர் செத்துப்போயிருந்தது.

பழுதுபார்ப்பவரைக் கூப்பிட்டேன். மத்தியானம் பனிப்புயல், ஊர் முழுக்க இதே பிரச்சினை, திங்கட்கிழமைக்கு முன்னால் வர முடியாது என்றார். வீட்டுக்குப் போய் இரண்டு சின்ன ஹீட்டர்களை எடுத்துவந்து செருகினேன். படக்கென்று ஃப்யூஸ் போய், எரிந்துகொண்டிருந்த விளக்குகளில் பாதி அணைந்தது. இருந்த கொஞ்சம் வெதுவெதுப்பையும் நானே அணைத்தேன். ராத்திரி வெளியே உறைநிலைக்கு வெகு கீழே போகும் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

டொரோண்டோவுக்குப் போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம்.

"ரஞ்சினி, ஹீட்டர் போயிடுச்சு."

"எப்ப இருந்து?"

பொய் சொல்ல ஒரு விநாடி இருந்தது. "இப்பதான் நின்னுருக்கு. ஆனா சத்தம் ரெண்டு நாளா வந்துச்சு. நான்தான் சொல்லல."

பிறகு ரஞ்சினியின் குரல் மாறியது. நர்ஸின் குரல். "சரி. அதைப் பற்றிப் பிறகு கதைப்பம். இப்ப ஆர் முதல்ல சாகப் போகினம், ஆர் கொஞ்சம் தாங்குவினம்? அதை மட்டும் பாருங்கோ."

"பெரிய லீக் தாங்கும். பெரிய வெங்காயம் கொஞ்சம் தாங்கும். முளைக்கிறது எல்லாம் போயிடும். ஆனா ராத்திரி அடிக்கப்போற குளிர்ல எதுவுமே தாங்காது ரஞ்சினி, மண்ணே உறைஞ்சிடும்."

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

"நீங்க சொல்லுங்க."

"நான் இஞ்ச மணவறைக்குப் பக்கத்தில நிக்கிறன் அக்கா. நீங்கள்தான் அங்க நிக்கிறியள். கண் உங்களிட்டத்தான் இருக்கு. நீங்கள் முடிவெடுங்கோ. என்ன எடுத்தாலும் நான் ஏனெண்டு கேக்க மாட்டன்."

போனை வைத்துவிட்டார். நான் நாற்றுகளைப் பார்த்தேன். தென்னம்பிள்ளை என்று சொல்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கத்தில் நாங்கள் இருவரும் நாற்றுகளைப் பிள்ளைகள் என்றுதான் சொல்வோம். பிள்ளைகளுக்குத் தண்ணீர் வைத்தாச்சா, பிள்ளைகளுக்கு லைட் போட்டாச்சா. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து நான் செய்த காரியத்துக்கு இதுதான் ஒரே சமாதானம்.

விரல் மரத்துப்போயிருந்தது. போனை வாய்க்குக் கிட்டே வைத்து, தமிழ்ப் பள்ளிக் குழுவுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். "அவசரம்! ஹீட்டர் செத்துப்போச்சு. பிள்ளைங்க எல்லாம் குளிர்ல நடுங்குது. இருநூறுக்கு மேல இருக்கு. ராத்திரிக்குள்ள செத்துடும். ஆளுக்குக் கொஞ்சம் உங்க வீட்ல மூணு நாள் வெச்சுக்க முடியுமா? ப்ளீஸ், உடனே வண்டி எடுத்துட்டு வாங்க." முகவரியையும் சொன்னேன். அந்தக் குழுவில் பாதிப் பேருக்கு என்னையே சரியாகத் தெரியாது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்.

நாற்பது நிமிடத்தில் பதினொரு கார் வந்தது.

முதலில் இறங்கியவர் வெங்கட் அங்கிள். மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மகளின் பிரசவத்துக்கு சான் ஹோசே போயிருந்ததால் தனியாக இருந்தார். ஒரு கையில் ஆறு கம்பளி, இன்னொரு கையில் ஃப்ளாஸ்க் நிறையச் சூடான பால். அவருக்குப் பின்னால் உஷா, முப்பத்தைந்து வயதுக்காரி, காரில் குழந்தைகளை உட்காரவைக்கும் இரண்டு கார் சீட்டைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒருவர் டயப்பர் பெட்டியோடு வந்தார். கலிஃபோர்னியாவுக்கு வீடு மாறிப்போயும் குழுவை விட்டு விலகாத யாரோ ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தபடியே பீட்சா ஆர்டர் பண்ணியிருந்தார்.

"பிள்ளைங்க எங்கம்மா?" என்றார் வெங்கட் அங்கிள். மூச்சு வாங்கியது. "ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சா?"

நான் ஒன்றும் புரியாமல் அலமாரியைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தார். "என்னது இது?"

"வெங்காயம் அங்கிள்."

"என்ன வெங்காயம்! நான் சீரியஸா கேக்கறேன்."

"நானும் சீரியஸாதான் சொல்றேன் அங்கிள். வெங்காயம். அந்தப் பக்கம் இருக்கறது லீக்."

கதவருகே இருபது பேர் நின்றார்கள். வெளியே முதல் பனித்துகள்கள் விழ ஆரம்பித்தன. வேலையில் எனக்கு வந்த மிக நீளமான அரை நிமிடம் அதுதான். அவர்கள் திரும்பிப் போகலாம். போவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. ஒருவர் முகத்தில் கோபம் ஏறுவது தெரிந்தது. நான் சுருக்கமாகச் சொன்னேன்: சத்தத்தை மறைத்தது நான், ஃப்யூஸைப் போக்கியது நான், செய்தியைத் தப்பாக அனுப்பியதும் நான், ஆனால் சாகப்போவது இவை, இவற்றை நம்பி ஆறு பண்ணைகள் இருக்கின்றன, மறுபடி விதைத்தால் காலம் போதாது, ஏனென்றால் கோடையில் பகல் நீளும்போது அந்தச் செடியில் எத்தனை இலை இருக்கிறதோ அத்தனை வளையம்தான் வெங்காயத்துக்குள் இருக்கும். பேசிக்கொண்டே போனதில் அழுகை வந்துவிட்டது. அழுகையின் நடுவில் அங்கிளின் பால் ஃப்ளாஸ்க்கைப் பார்த்தேன், சிரிப்பும் வந்துவிட்டது.

உஷாதான் முதலில் சிரித்தாள். "ஆன்ட்டி, நான் ஆஃபீஸ் மீட்டிங்க பாதியில கட் பண்ணிட்டு ரெட் லைட்ல நிக்காம வந்தேன் தெரியுமா? வெங்காயத்துக்காக!" அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சரி, வந்தது வந்தாச்சு. கார் சீட்ல வெச்சு பெல்ட் போட்டா ட்ரே விழாதில்ல?"

அவ்வளவுதான். இருபது பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எந்த வீட்டில் தெற்கு ஜன்னல், யாரிடம் படிக்கும் விளக்கு அதிகம், யார் வீட்டில் பூனை. நான் ரஞ்சினி சொன்னபடி வரிசை பிரித்தேன்: முளைப்பவை முதலில், சூடான வீடுகளுக்கு. காரை முதலில் நன்றாகச் சூடாக்கிவிட்டுத்தான் ட்ரேயை வெளியே எடுக்க வேண்டும் என்று கத்தினேன். கொண்டுவந்த கம்பளி எல்லாம் வெங்காயத்துக்கே உதவியது. டயப்பர்கூட உதவியது, கசியும் ட்ரேக்குக் கீழே விரித்தோம். மாலை நான்கு மணிக்குக் கடைசி கார் கிளம்பியபோது சாலை வெள்ளையாகியிருந்தது. கூடத்தில் ஒரு ட்ரேகூட இல்லை. நான் தனியாக நின்று ஆறிப்போன பீட்சாவைச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான பீட்சாவை அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை.

உதவி கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. சொல்லிவிட்டேன். தெளிவாகக் கேட்டிருந்தால் பதினொரு கார் வந்திருக்குமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

மூன்று நாள் என்று சொன்னது ஐந்து நாளானது. வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து குவிந்தன. பியானோ மேல் வெங்காயம். ட்ரெட்மில் மேல் லீக். சுவாமி படத்துக்கு முன்னால் நான்கு ட்ரே, பக்கத்தில் விளக்கு, "வெளிச்சத்துக்குத்தான் ஏத்தினேன், பக்தி எல்லாம் இல்ல" என்று ஒரு குறிப்பு. வெங்கட் அங்கிள் முப்பது ட்ரே எடுத்துப் போயிருந்தார். ஒவ்வொரு மணி நேரமும் அறையின் வெப்பத்தை அளந்து, மருத்துவமனை அறிக்கை மாதிரி குழுவில் போட்டார்: "பேஷன்ட்ஸ் ஸ்டேபிள்." டொரோண்டோவில் விமானங்கள் ரத்தாகிக் கிடந்த ரஞ்சினி அதைப் படித்துவிட்டுப் போனில் மூச்சுவிட முடியாமல் சிரித்தார்.

திங்கட்கிழமை உஷாவுக்குப் போன் பண்ணினேன். "எப்படிம்மா இருக்கு?"

"சூப்பரா இருக்கு ஆன்ட்டி. ஆனா ரொம்ப நீளமா வளந்து சாஞ்சு கிடந்துச்சா, பார்க்கப் பாவமா இருந்துச்சு. அதான் கத்திரிக்கோல் வெச்சு எல்லாத்தையும் ட்ரிம் பண்ணிட்டேன்."

நாற்றை வெட்டிவிடுவது நல்லதுதான், நாங்களே வெட்டுவோம். ஆனால் நான்கு விரல் உயரம் விட்டு வெட்டுவோம். "எவ்ளோ விட்டே?"

"ஒரு ரெண்டு விரல்? வெட்டினதை வேஸ்ட் பண்ணல ஆன்ட்டி. வடைல போட்டேன். செம வாசனை."

அவள் வீட்டுக்கு ஓடினேன். முடி வெட்டிக்கொண்ட சிப்பாய்கள் மாதிரி வரிசையாக நின்றன. நடுவிலிருந்து புது இலை அதற்குள் பச்சையாக எட்டிப் பார்த்தது. பிழைத்துவிடும். அங்கேயே உட்கார்ந்து நான்கு வடை சாப்பிட்டேன்.

அடுத்து வெங்கட் அங்கிள் வீடு. கதவைத் திறந்தவர் முகத்தில் பரிசு வாங்கப்போகிறவரின் களை. வரவேற்பறை முழுக்க முப்பது ட்ரே, அளவுகோல் வைத்து அடுக்கியதுபோல. ஒரு புழு பூச்சி இல்லை, ஓர் இலை வாடவில்லை. ஏதோ ஒன்று குறைந்தது. என்ன என்று எனக்கு உடனே பிடிபடவில்லை.

"அங்கிள், லேபிள் எல்லாம் எங்க?"

"அதை ஏன் கேக்கற! ஒரே மண்ணு, பாசி. எல்லாத்தையும் உருவி, சோப்பு போட்டுக் கழுவி, காய வெச்சு," அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார், "ஆல்ஃபபெட்டிகல் ஆர்டர்ல அடுக்கி வெச்சிருக்கேன்."

முப்பது வெள்ளைக் குச்சிகள். பளபளவென்று இருந்தன.

அவர் என் முகத்தைப் பார்த்தார், குச்சிகளைப் பார்த்தார், ட்ரேக்களைப் பார்த்தார். பிறகு மெதுவாக சோஃபாவில் உட்கார்ந்தார். "முப்பது வருஷம்," என்றார். "முப்பது வருஷம் என் வேலையே அதுதாம்மா. மாத்திரை டப்பால லேபிள் சரியா இருக்கான்னு பாக்கறது. ஒரு டப்பா மாறிப்போனாலும் மொத்த பேட்சையும் நிறுத்துவேன். நானே உருவிட்டேனே."

அவரைத் தேற்றுவதா, நான் அழுவதா என்று தெரியவில்லை. கடைசியில் இருவரும் தரையில் உட்கார்ந்தோம். லீக்கைப் பிரிப்பது சுலபம். இலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள்: வெங்காய இலை உருண்டை, உள்ளே வெற்று, லீக் இலை தட்டை. அங்கிள் ஒவ்வொன்றாக உருட்டி "உருண்டை", "தட்டை" என்று அறிவிக்க, நான் எழுத, ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு ட்ரே லீக் தனியாக வந்தது. மிச்சம் பதினெட்டு ட்ரே வெங்காயம். சிவப்பும் மஞ்சளும் இரண்டு ரகம். எது எது? என் நோட்டில் அலமாரி வரிசைப்படி எழுதியிருந்தேன். அலமாரியே இல்லாதபோது நோட்டால் என்ன பயன்? பூதக்கண்ணாடி வைத்து அடித்தண்டைப் பார்த்தோம். ஒன்று லேசாகச் சிவந்தது போலத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாமே சிவந்தது போலத் தெரிந்தது. கடைசியில் அங்கிளின் மூக்குகூடச் சிவப்பாகத் தெரிந்தது. நிறுத்திவிட்டோம்.

அந்தப் பதினெட்டும் ஒரே பண்ணைக்காரருடையது. உயரமான, அதிகம் பேசாத மனிதர். அதற்கு முந்தின வருடம்தான் எங்களிடம் வர ஆரம்பித்திருந்தார், நாங்கள் விற்பதில் பாதி அவருடைய ஆர்டர். முன்பு நாற்று வாங்கிய இடத்தில் ஒரே ஒரு தடவை ரகம் மாறிப்போனதற்காக அவர்களை விட்டு வந்தவர்.

செவ்வாய்க்கிழமை ரஞ்சினி வந்து இறங்கினார். ஹீட்டர் சரியாகியிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக வீடு திரும்பிக்கொண்டிருந்தன. நாங்கள் பதினெட்டு ட்ரேக்கு முன்னால் நின்றோம்.

"ஒம்பதுல சிவப்புனு குத்திடலாம், ஒம்பதுல மஞ்சள்னு குத்திடலாம்," என்றேன். "ஜூலை வரைக்கும் யாருக்கும் தெரியாது." சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. புதன்கிழமை சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சேலை நிறம் விசாரித்த அதே குரல். நானே போனை எடுத்தேன். பண்ணைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டயப்பர் உட்பட. அவர், "நாளை வருகிறேன்" என்றார். போன் வைக்கப்பட்டது.

அப்போதுதான் ரஞ்சினி அந்தப் பழைய வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். நான் சிரிப்பை எதிர்பார்த்தேன்.

"சத்தத்தை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சிரிப்பீங்கன்னு நெனச்சேன். கருஞ்சீரகத்துக்குச் சிரிச்ச மாதிரி."

"அண்டைக்கு நான் அப்பிடிச் சிரிச்சிருக்கப்படாது," என்றார். "வார்டில புதுசா வாற பிள்ளையளைப் பாத்து நான் சிரிக்கவே மாட்டன் அக்கா. சிரிச்சா, அடுத்த முறை பயத்தில சொல்லாம விடுவினம். அது எனக்கு நல்லாத் தெரியும். வெங்காயம்தானே எண்டு மறந்துபோனன்." பிறகு நிமிர்ந்தார். "இனி எதைக் கேட்டாலும் சொல்லுங்கோ. நான் சிரிச்சாலும் சொல்லுங்கோ."

நீங்கள் நான்கு பேரும் இந்தக் கூடத்தில் என்ன கேட்டாலும் யாரும் சிரிக்காமல் பதில் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். அது அன்றைக்கு ஆரம்பித்தது. பக்கத்து அறைக்குப் போய்ச் சிரிப்போம். அதற்குத் தடையில்லை.

மறுநாள் காலை பண்ணைக்காரர் வந்தார். பூட்ஸில் சேறும் பனியும். வெங்கட் அங்கிளும் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார், பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள. உஷா ஒரு டப்பா வடையோடு வந்திருந்தாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. பண்ணைக்காரர் யாரையும் பார்க்கவில்லை. உஷாவின் ட்ரே ஒன்றிலிருந்து ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்.

"இவ்வளவு குட்டையாக வெட்டியது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

உஷா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

"தண்டு நன்றாகத் தடித்திருக்கிறது," என்றார். "வெட்டியதை என்ன செய்தாய்?"

டப்பாவை நீட்டினாள். ஒன்று எடுத்தார். இன்னொன்று எடுத்தார். ஐந்தாவதை மென்றுகொண்டே பதினெட்டு ட்ரே இருக்கும் பக்கம் போனார். வெங்கட் அங்கிள் டையைச் சரிசெய்துகொண்டு, தான் எழுதி வந்த விளக்கத்தை வாசிக்க ஆரம்பித்தார். பண்ணைக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார். ரஞ்சினி ஒவ்வொரு ட்ரேயிலும் ஒரு குச்சி குத்தி வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரே தமிழ்ச் சொல்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"தெரியாது," என்றேன்.

"எழுதியவர்கள் யாருக்காவது தெரியுமா?"

"இல்லை, அந்தச் சொல்லே அதுதான். 'தெரியாது'. எங்களுக்கு என்னவென்று தெரியாது என்று அர்த்தம்."

அந்த நீண்ட முகம் அசையவில்லை. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அந்த மனிதர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. குரலே வராமல், கண்ணீர் மட்டும் வர, அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தப்பான பெயர் எழுதிய குச்சி என்னிடம் நிறைய வந்திருக்கிறது," என்றார். "தெரியாது என்று எழுதிய குச்சி இப்போதுதான் முதல் தடவை. பதினெட்டும் எனக்கே. சாலையோரக் கடைக்குப் பக்கத்து வயலில் நடுகிறேன். வருகிறவர்களே பிடுங்கிப் பார்த்துக்கொள்ளட்டும்."

வெங்கட் அங்கிள் அழுதுவிட்டார். டையிலேயே துடைத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் எல்லோரும் அந்தச் சாலையோரக் கடைக்குப் போனோம், பதினொரு காரும். பலகையில் ஆங்கில எழுத்தில் 'தெரியாது' என்று எழுதி, பிடுங்கிப் பார்த்தால்தான் நிறம் தெரியும் என்று கீழே ஒரு வரி போட்டிருந்தார். எங்களுக்கு முன்னால் தொப்பி போட்ட ஓர் அமெரிக்கப் பெண்மணி கடைக்காரப் பெண்ணிடம் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "அந்தத் தெரியாடூ இன்னும் இருக்கிறதா? என் தங்கைக்கும் வேண்டும்." வரிசையில் நின்ற எங்களில் ஒருவரும் நேராக நிற்கும் நிலையில் இல்லை. உஷா காருக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த ஜனவரி. புது ஹீட்டர் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர் ஆர்டர் சொல்லப் போன் பண்ணினார். ரஞ்சினி எழுதிக்கொண்டே வந்தார்: மஞ்சள் இத்தனை, சிவப்பு இத்தனை, லீக் இத்தனை. பிறகு பேனா நின்றது. என்னைப் பார்த்தார். "தெரியாது, நாப்பது ட்ரே."

"ரெண்டு விதையையும் மாத்தி மாத்தி விதைச்சா வந்துட்டுப் போகுது," என்றேன்.

"எந்த ட்ரேயில என்ன போட்டதெண்டு எங்களுக்குத் தெரிஞ்சிடுமே அக்கா. பிறகு அந்தக் குச்சியில எழுதிறது பொய்யெல்லோ?"

யோசித்தோம். வெங்கட் அங்கிளைக் கூப்பிட்டோம். பத்து நிமிடத்தில் வந்தார், பழைய கம்பெனியின் வெள்ளை மேலங்கியைப் போட்டுக்கொண்டு. இரண்டு விதைப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டார். நாற்பது ட்ரேக்கும் எண் போட்டார். எதில் எது என்று தன் கையால் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்து மூடி, ஆகஸ்ட் வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது என்று மேலே கையெழுத்துப் போடப்போவதாக அறிவித்தார்.

"இதுக்குப் பேரு ப்ளைண்ட் ட்ரையல்மா, மருந்தை இப்படித்தான் சோதிப்போம்," என்றார். "ரெண்டு பேரும் சுவத்தப் பாத்துத் திரும்பி நில்லுங்க."

ஐம்பது வயதில் நானும், அதற்குக் கொஞ்சம் கீழே ரஞ்சினியும், சுவரில் மூக்கு முட்ட அரை மணி நேரம் நின்றோம். பின்னால் விதை விழும் சத்தம் கேட்டது. ரஞ்சினியின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.